ஜன்னலுக்குத் தைத்த திரை

11

வேம்பு அன்று சாயங்காலம்தான் வந்து இறங்கினாள். மருதையனின் தங்கை. ஆலங்கரையிலிருந்து தஞ்சாவூருக்குத் தனியாக பஸ் ஏறியது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கீழவாசலில் நாலு தெரு தவறிப் போய், மீரா உசேன் தையற்கடை எங்கே என்று கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தவள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்.

"அண்ணே, நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம தெருவுக்குத் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வர்றாராம். எந்தக் குடிசையில யாரு இருக்காங்கன்னு பாத்து எழுதப் போறாராம். இருக்கிறவங்களுக்கே மனைன்னு சர்க்கார்ல சட்டம் போட்டுட்டாங்களாம். பூட்டிக் கெடந்தா பண்ணையோட சேத்துடுவாங்களாம்."

மருதையன் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான்.

அவன் குடிசை எட்டு மாதமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. தை அறுப்பில் கூலி நெல் கூட்டிக் கேட்டபோது களத்துமேட்டில் கைகலப்பு. பண்ணை ஆள் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தது மருதையன் இல்லை. ஆனால் கேஸில் முதல் பேர் அவனுடையது. ஜாமீனில் விட்டபோது கோர்ட் இரண்டு நிபந்தனை போட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தஞ்சாவூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் முடிகிறவரை ஆலங்கரையில் ராத்தங்கக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தகரப் பெட்டியோடு டவுனுக்கு வந்தது அப்படித்தான்.

"அஞ்சு சென்ட்டு வேம்பு," என்றான் மருதையன். "எங்கப்பன் பொறந்த எடம். அதுவும் இல்லேன்னா, நாளைக்கு நான் செத்தா எந்த ஊர்க்காரன்னு சொல்லுவாங்க?"

அவன் பெண்டாட்டி அம்சவல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அவளுக்கு ஜன்னல் என்று ஒன்று இருந்ததில்லை. இந்த ஒற்றை அறைக்கு வந்த புதிதில் அதை ஒரு சாக்கால் மூடித்தான் வைத்திருந்தாள். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் உள்ளே பார்ப்பான் என்று பயம். பத்து நாள் கழித்துச் சாக்கு காற்றில் விழுந்தது. அன்று காலை ஏழு மணிக்கு வெயில் உள்ளே வந்து சுவரில் உட்கார்ந்தது. அவளும் எதிரே உட்கார்ந்து, அது நகர்ந்து நகர்ந்து தகரப் பெட்டி வரைக்கும் போவதைப் பார்த்தாள். அன்றைக்கு வேலைக்குப் போக அரை மணி நேரம் தாமதம்.

வேலை மீரா உசேன் கடையில்தான். கடையைப் பெருக்குவது, பொத்தான் தைப்பது. பெருக்கும்போது குப்பையில் என்னென்னவோ கிடக்கும். கல்யாண ரவிக்கையின் ஊதா வெல்வெட். பாவாடையின் மஞ்சள் சாட்டின். தேர்தலுக்குக் கொடி தைத்த மிச்சத்தில் கறுப்பும் சிவப்பும் அள்ள அள்ள வரும். "பாய், இதை எடுத்துக்கவா?" என்று முதல் நாள் கேட்டாள். "குப்பைக்கு என்னா தங்கச்சி உத்தரவு?" என்றார் அவர்.

விரல் அளவு, உள்ளங்கை அளவு என்று நூற்றுப் பன்னிரண்டு துண்டு. மூன்று மாதம் கையாலேயே தைத்தாள். கறுப்பும் சிவப்பும் ஓரத்துக்கு, மற்றதெல்லாம் நடுவில். கட்டி முடித்த அன்று காலை வெயில் வந்தபோது சுவரெல்லாம் கலர். மருதையன்கூடப் பல் குச்சியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டான். "திருவிழாக் கடையாட்டம் இருக்குடி," என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பாராட்டத் தெரியாது.

ஜன்னல் கட்டையில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் கோப்பை ஒன்று. கைப்பிடி பாதி உடைந்தது என்பதால் நடைபாதைக்காரன் சும்மாவே கொடுத்தது மாதிரிதான் கொடுத்தான். ஆலங்கரை டீக்கடையில் கீழத்தெருக்காரர்களுக்கென்று தனியாகக் கொட்டாங்கச்சி தொங்கும். இங்கே அவள் தினம் நாலு மணிக்கு அந்தக் கோப்பையில் டீ ஊற்றி, ஜன்னலோரம் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் குழந்தை இல்லை, நிலம் இல்லை, நிம்மதி இல்லை. அந்த டீ நேரம் மட்டும் இருந்தது.

"முதல் பஸ்ஸுக்குப் போயிடணும்," என்றான் மருதையன். "பானை சட்டி எல்லாத்தையும் கட்டு. குடித்தனம் நடக்கிற வீடாத் தெரியணும்."

"சாயங்காலம் திரும்பிடுவோம்ல?" என்றாள் அம்சவல்லி.

"ஆறு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும். திரும்பாம?"

அவள் பானையைக் கட்டினாள். பாயைச் சுருட்டினாள். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஜன்னல் திரையை அவிழ்த்து மடித்து மேலாக வைத்தாள்.

---

விடிகாலையில் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரா உசேன், மூட்டையோடு நிற்கிற மூன்று பேரையும் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னா மருதை, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"இல்லை பாய். ஊருல ஒரு விசாரணை. ராவுக்குள்ள வந்துடுவோம்."

"கோட்டு பதினாறு பொத்தானுக்கு நிக்குது தங்கச்சி. நாளைக்கு வந்து தச்சுடு."

"வந்துர்றேன் பாய்."

பஸ் மன்னார்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. மருதையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தான். டவுன் மண்டியில் நெல் மூட்டை தூக்குகிறவன் நெல்லை வயலில் பார்த்து எட்டு மாதம் ஆயிற்று.

"நடவுக்குக் கூப்பிடுறாங்களா?" என்று தங்கையைக் கேட்டான்.

"வெளியூர் ஆளுங்களைக் கொண்டாந்து எறக்கியிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் பண்ணையில நிக்கிறாரு." வேம்பு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, நான் வந்து சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே."

---

திருத்துறைப்பூண்டி சாலையில் இறங்கி இரண்டு மைல் நடை. குடிசையைத் திறந்தபோது எலி ஓடியது. கூரையில் இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. அம்சவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஒட்டடை அடித்து, சாணி தெளித்து, கோலம் போட்டு, மூன்று கல் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சிப் பானையை ஏற்றினாள். பாயை விரித்தாள். கொடியில் மருதையனின் சட்டையைப் போட்டாள். எல்லாம் செய்தும் வீடு வீடாக இல்லை. ஆள் செத்துப்போன வீட்டைப் பெருக்கி வைத்த மாதிரியே இருந்தது.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். மூட்டையிலிருந்து திரையை எடுத்து வாசல் நிலையில் கட்டினாள். கோப்பையை அடுப்போரம் வைத்தாள்.

"இது எதுக்குடி இங்க?" என்றான் மருதையன்.

"ஆளு இருக்கிற வீடுன்னு தெரிய வேணாமா? ஆசையா ஒண்ணைக் கட்டி வச்சிருந்தா, இங்க ஒருத்தி இருக்கான்னு அவுங்களுக்குத் தெரியாதா?"

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சரி, இருக்கட்டும்," என்றான். குடிசைக்குள் இருந்த இருட்டில் அது ஒன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. அதனால் அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பதினோரு மணிக்கு வரவேண்டிய ஆர்.ஐ. பன்னிரண்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடி வேர்வையில் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. கூடவே பண்ணை மிராசுதாரின் காரியஸ்தர் ரெத்தினம், வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு நோட்டு. பின்னால் பாதித் தெரு.

"பேரு?"

"மருதையன் சார். அப்பா பேரு வீரையன்."

"இவன் இங்க இல்லீங்க சார்," என்றார் ரெத்தினம். "எட்டு மாசமா தஞ்சாவூரு."

"வேலைக்குப் போறேன் சார். சம்சாரம் இங்கதான் இருக்கு."

ஆர்.ஐ. குனிந்து உள்ளே பார்த்தார். "அடுப்பு எரியுதே ரெத்தினம்."

"இன்னிக்குப் பத்த வச்சது சார் அது."

"நேத்து பத்த வச்ச நெருப்பு, இன்னிக்குப் பத்த வச்ச நெருப்புன்னு ரெண்டு கலரா இருக்கு? எரியுது, எழுதறேன். அவ்வளவுதான் என் வேலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேம்பு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மருதையன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். ஆர்.ஐ. பேனா மூடியைத் திருகினார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காக அவர் இரண்டு அடி எடுத்து வைத்து நிலைப்படிக்குள் வந்தார். திரை அவர் முகத்தில் உரசியது. கையால் விலக்கப் போனவர், விலக்காமல் விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அட! இது நல்லா இருக்கே. யாரு தச்சது?"

"நாந்தாங்க," என்றாள் அம்சவல்லி.

"மெஷின்லயா?"

"கையாலதாங்க. நூத்திப் பன்னெண்டு துண்டுங்க."

"எங்க வீட்டுலயும் இருக்காங்களே, ஒரு தலையணை உறை தைக்க மாட்டாங்க." அவர் நிஜமாகவே ரசித்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாள் ஆச்சு?"

இதுவரை ஒருத்தரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நாற்காலியில் உட்காருகிற, பேனா வைத்திருக்கிற, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் அவளைப் பார்த்துக் கேட்கிறார். அவளுக்கு வாய் தன்னால் ஓடியது.

"மூணு மாசங்க. காலையில வெயிலு நேரா உள்ள வரும்ங்க, அப்ப இதைப் பாக்கணும். ஜன்னல்ல கட்டிட்டா எதிர்ச் செவுரு பூரா மஞ்சளும் ஊதாவுமா..."

நின்றுவிட்டாள்.

ஆர்.ஐ.யும் நின்றுவிட்டார். திரையை விட்டார். குடிசைக்குள் தலையைத் திருப்பி நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மண்சுவர், மண்சுவர், மண்சுவர், வாசல்.

"எந்த ஜன்னல்ம்மா?" என்றார் மெதுவாக.

ரெத்தினம் சிரிக்கக்கூட இல்லை. திரையின் கீழ்நுனியைச் சுட்டிக் காட்டினார். அது மருதையனின் இடுப்பு வரைக்கும்தான் வந்திருந்தது. "வாசலுக்குத் தச்சா இப்படியா சார் பாதியில நிக்கும்? அளவு எடுத்த வீடு வேற."

"சார், அவ விவரம் தெரியாம..." மருதையன் முன்னே வந்தான்.

"நான் பாக்காததை நான் எழுத முடியாதுப்பா. அவங்களே சொல்லிட்டாங்க, இத்தனை பேரு கேட்டாங்க." ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஆட்சேபணைக்குப் பதினஞ்சு நாள் இருக்கு. பதினாறாம் நாள் திரும்பி வருவேன். அதுவரைக்கும் ராவும் பகலும் இங்க ஆளு இருந்து, அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சி சொன்னாங்கன்னா மாத்தி எழுதறேன். இப்ப காலின்னுதான் எழுத முடியும்."

எழுதினார். அடுத்த குடிசைக்குப் போனார்.

அக்கம்பக்கம் என்றால் வலது பக்கம் வேம்பு வீடு. இடது பக்கம் வயல். வேம்பு தரையைப் பார்த்துக்கொண்டு கூட்டத்தோடு நகர்ந்துவிட்டாள்.

---

மருதையன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அம்சவல்லிக்கு.

"ரெண்டு மணி பஸ்ஸை விட்டா ஸ்டேஷனுக்குப் போக முடியாது," என்று மட்டும் சொன்னான்.

"நான் இருக்கேன்," என்றாள் அவள்.

"எங்க?"

"இங்கதான். உங்களுக்குத்தானே ராத்தங்கக் கூடாது? எனக்கு யாரும் சொல்லலியே."

"ஒத்தையிலயா? பதினஞ்சு நாளு? கூரையைப் பாத்தியா?"

"நான்தானே வாயைக் கொடுத்தேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆமாம், நீதான் கொடுத்த," என்றான். உடனே சொன்னது உறுத்தியது போலத் துண்டை உதறித் தோளில் போட்டான். "மூணு தலைமுறையா இந்தச் சுவத்துல ஓட்டை போடணும்னு யாருக்கும் தோணல பாரு. ஒரு ஜன்னல் வச்சிருந்தாக்கூட..." மேலே சொல்லாமல் கஞ்சியைக் குடித்தான். நின்றபடியே குடித்தான்.

"பாய்கிட்ட சொல்லிடுங்க. அந்தக் கோட்டுக்கு வேற யாரையாச்சும் பொத்தான் தைக்கச் சொல்லட்டும்."

"பதினஞ்சு நாளு அவரு எடத்தை வச்சிருப்பாரா?"

"வச்சிருக்க மாட்டாரு. அவருக்கும் பொழப்பு இருக்குல்ல."

திரையை அவிழ்த்து மடித்து அவனிடம் நீட்டினாள். கோப்பையை அதற்குள் சுற்றியிருந்தாள். அவன் வாங்கவில்லை. வாங்காமலும் போகவில்லை. கடைசியில் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மணி ஆனது. வெயில் சாய்ந்ததை வைத்துக் கண்டுபிடித்தாள். டீத்தூள் கொண்டுவரவில்லை.

வேம்பு கொல்லைப்பக்கமாக வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அண்ணி, கோவமா?"

"கோவப்பட்டு என்னாடி பண்ணப் போறேன்?"

"சாட்சி சொன்னேன்னா நாளைக்கே எங்க வீட்டுக்காரரைப் பண்ணையை விட்டுத் தள்ளிடுவாங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க அண்ணி."

"தெரியும். நீ போ. யாராச்சும் பாத்துடப் போறாங்க."

வேம்பு போகவில்லை. வேலிக்கு மேலாக ஒரு கட்டு விறகை இந்தப் பக்கம் போட்டாள். அப்புறம்தான் போனாள்.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு ரெத்தினம் வரப்பு வழியாக வந்தார். கூட மண்வெட்டியோடு இரண்டு பேர், வெளியூர் முகம். வாசலுக்கு எதிரே நின்று, வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"ஒத்தையில இருக்கியாமே பொண்ணு?"

"ஆமாங்க."

"நல்லது. சட்டப்படி இரு. யாரும் உன் மேல கை வைக்க மாட்டாங்க. நானும் சட்டப்படி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாத. ராவோட ராவா மேல நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கிறோம். மடையைத் தொறந்தா வாய்க்கால் நெறைஞ்சு பள்ளத்துக்கு வரும். உன் வீடு பள்ளத்துல இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

"இத்தனை வருசமா வரலீங்களே."

"இத்தனை வருசமா அந்தக் கரையைக் கட்டி வச்சது உன் புருசன்தானே?" ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் இல்லியே."

போய்விட்டார்கள். சற்று நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அம்சவல்லி வாசலில் நின்று பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வரப்போரம் தரை கறுத்தது. கறுப்பு மெல்ல முன்னே வந்தது. காலையில் போட்ட கோலத்தின் ஓரத்தைத் தொட்டு, மாவைத் தூக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நிலைப்படியைத் தாண்டியது.

"வேம்பு!" என்று ஒருமுறை கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் விளக்கை அணைத்தார்கள்.

அங்கே போய்ப் படுத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படிப் போனால் வீட்டில் ஆள் இல்லை. காலையில் ரெத்தினம் வந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவள் உள்ளே ஓடினாள். பானையை இறக்கினாள். மூலையில் கிடந்த உரலைப் புரட்டிக் கவிழ்த்து, எரிகிற கொள்ளிகளைச் சேலை முனையைச் சுற்றிய கையால் ஒவ்வொன்றாக எடுத்து உரலின் மேல் அடுக்கினாள். ஒன்று அணைந்தது, இரண்டு எரிந்தன. வேம்பு போட்ட விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு உரல் பக்கத்தில் நின்றாள். வைக்க உலர்ந்த இடம் இல்லை.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. பதினைந்து நாளில் முதல் நாளே இன்னும் முடியவில்லை.